அடிமரத்தில் காளான்: தறிப்பதா, விடுவதா?

மாரி தொடங்கி இரண்டு மூன்று கிழமை போனால் என் போனுக்குப் படங்கள் வரத் தொடங்கும். "தம்பி, கோயில் மரத்தில் காளான் வந்திருக்கு, விழுந்திடுமோ?" "அண்ணை, பள்ளிக்கூட வேம்பில் பெரிய தட்டுக்காளான் ஒன்று, தறிக்க வேணுமோ?" படத்தில் காளான் மட்டும் பெரிதாக நிற்கும், மரத்தைக் காண முடியாது. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: அது எங்கே நிற்கிறது? வேரிலா, அடியிலா, நடுமரத்திலா, செத்த கொப்பிலா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கொப்பு வெட்டுவதும் ஆபத்தான மரங்களை இறக்குவதும்தான் என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகவும், கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை வளவுகளில் மரங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். காளானின் பெயர் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் அது மரத்தில் நிற்கும் இடம், அது தின்கிற பகுதி, மிச்சமிருக்கும் நல்ல மரத்தின் அளவு, இந்த மூன்றும் பெயரைவிட முக்கியம். போரில் எங்கள் ஊர்கள் எத்தனையோ நிழல் மரங்களை இழந்துவிட்டன. மிஞ்சி நிற்கும் புளியையும் மருதையும் ஒரு காளானைக் கண்ட பயத்தில் தறிப்பதை என்னால் தாங்க முடியாது. அதேபோல, இலை பச்சையாக இருக்கிறது என்று நம்பி, வேர் உக்கிய மரத்தின் கீழே பிள்ளைகளை இருத்தவும் மனம் வராது.

கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கட்டம்

நாம் காளான் என்று பார்ப்பது பங்கசின் (பூஞ்சையின்) இனப்பெருக்க உறுப்பு மட்டும்தான். அதன் உடம்பு நுண்ணிய இழைகளாக மரத்துக்குள் பரவிக் கிடக்கும். பெரும்பாலும் பல வருடம் உள்ளே தின்ற பிறகுதான் வெளியே காளானைத் தள்ளும். அதனால் காளானை வெட்டி எறிவதாலோ, அதன்மேல் சுண்ணாம்பு பூசுவதாலோ, மண்ணெண்ணெய் ஊற்றுவதாலோ மரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. அடையாளம்தான் அழிந்துபோகும். நான் போவதற்கு முன்னரே யாரோ துப்புரவாகச் செதுக்கி எடுத்துவிட்ட மரங்கள் என் வேலையை இரட்டிப்பாக்குகின்றன. தயவுசெய்து தொடாமல் விடுங்கள்.

பார்க்கப் போகும் காலமும் முக்கியம். எங்கள் பக்கம் ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. பல காளான்கள் கார்த்திகை, மார்கழியில் வெளியே வந்து, வெயில் ஏறியதும் காய்ந்து, வண்டு தின்று, மாசி, பங்குனிக்குள் உருத் தெரியாமல் போய்விடும். கட்டைபோல் இறுகி வருடக்கணக்கில் நிற்கும் தட்டுக்காளான்கள் வேறு. ஆகவே ஒரு மரத்தை மாரியில் ஒரு தடவை, ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன்னர் ஒரு தடவை பாருங்கள். மாரியில் காளான் தெரியும். கோடையில் உச்சிக்கொப்பு காய்ந்திருப்பதும், இலை சிறுத்து மெலிந்திருப்பதும் தெரியும்.

காயமும் சுவரும்

நல்ல பட்டை உள்ள மரத்துக்குள் பெரும்பாலான பங்கசுகளால் நுழைய முடியாது. வாசல் வேண்டும். எங்கள் ஊரில் அந்த வாசல்களைப் பெரும்பாலும் நாங்களே திறந்துகொடுக்கிறோம். மரத்தடியில் குப்பையைக் கூட்டி எரிக்கிறோம். முள்ளுக்கம்பி அடிக்கிறோம். வீதி அகலிக்கும்போதும் மதகு கட்டும்போதும் ஒரு பக்க வேரை இயந்திரத்தால் அறுத்துவிடுகிறோம். தடித்த கொப்பை, அதன் அடியில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டு வெட்டாமல், தண்டோடு ஒட்டிச் சீவிவிடுகிறோம். மரம் ஒன்றும் காட்டாது. வருடங்கள் கழித்து அதே பக்கத்தில் காளான் நிற்கும். அதனால் காளானைக் கண்டதும் நான் வீட்டுக்காரரிடம் கேட்பது: இந்தப் பக்கம் எப்போதாவது கிணறு, மதில், குழாய் என்று ஏதும் வெட்டினீர்களா?

வன்னிக்கென்று இன்னொரு காயமும் உண்டு. 2008, 2009 காலத்துச் செல் (எறிகணை) துண்டுகள் பல பெரிய மரங்களுக்குள் இன்னும் இருக்கின்றன. மேலே பட்டை மூடி, உதடுபோல் ஒரு தழும்பு மட்டும் தெரியும். செயின் சோ பிடிக்கிறவர்கள் அந்தத் தழும்பைப் பார்க்கப் பழகவேண்டும். சங்கிலி துண்டில் பட்டால் அறுந்து தெறிக்கும்.

ஆனால் அந்தத் தழும்பு நமக்கு ஒரு நல்ல தகவலையும் தரும். அமெரிக்க வனச் சேவையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ 1970களில் ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்துக் காட்டியது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி ஒதுக்குகிறது. அந்தச் சுவர்களில் மிகப் பலமானது, காயம்பட்ட அன்றிருந்த மரத்துக்கும் அதன்பின் வளர்ந்த மரத்துக்கும் இடையில் எழும்புவது. ஆகவே 2009இல் 30 சென்ரிமீற்றர் விட்டமாக இருந்தபோது காயம்பட்ட ஒரு வாகை இன்று 50 சென்ரிமீற்றர் என்றால், உக்கல் பெரும்பாலும் அந்தப் பழைய 30க்குள் அடங்கியிருக்கும். வெளியே சுற்றிவர 10 சென்ரிமீற்றர் நல்ல மரம் நிற்கும். பழைய கல்யாணப் படம், கோயில் திருவிழாப் படம் ஏதும் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின்னால் நிற்கும் மரத்தின் அன்றைய பருமனை அதில் மதிக்கலாம்.

இந்தச் சுவரை உடைத்துப் போகக்கூடிய பங்கசுகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் அடையாளம் காணுகிற வேலையின் நெஞ்சு.

கீழிருந்து மேலே பாருங்கள்

எல்லோரும் முதலில் உச்சியைப் பார்ப்பார்கள். நீங்கள் நிலத்தில் தொடங்குங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சருகைக் கையால் ஒதுக்குங்கள். பாம்பு, தேள் இருக்கும், தடியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். ஆல், அரசு, மருது போன்ற கோயில் மரங்களைச் சுற்றிச் சீமெந்து மேடை கட்டிவிடுவது எங்கள் வழக்கம். பார்க்க வேண்டிய அந்த இடமே அதனால் மறைந்துவிடுகிறது. மேடைக்கும் தண்டுக்கும் இடையில் மண் நிரம்பியிருந்தால், பரிபாலன சபையோடு பேசி ஒரு சாண் அகலத்துக்காவது அதை அகற்றிப் பார்க்க அனுமதி வாங்குங்கள். பட்டை மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்தால் அதுவே உக்கலுக்கு வழி.

அடியிலும் வேரிலும் நான் அதிகம் காண்பது கனோடெர்மா என்ற தட்டுக்காளான். இதைத்தான் முதலில் பழகவேண்டும். ஒரு வகைக்கு மேற்பரப்பு செம்பழுப்பு, வார்னிஷ் பூசியதுபோல் மினுங்கும். வளரும் விளிம்பு வெள்ளை அல்லது மஞ்சள். சில வேளை ஒரு காம்போடு வேரிலிருந்தே எழும். இன்னொரு வகை மினுங்காது. மண்ணிறமாக, தடித்து, வருடாவருடம் ஒரு அடுக்குப் போட்டு வளரும். இரண்டுக்கும் கீழ்ப்பக்கம் வெள்ளையாக, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்துளைகளோடு இருக்கும். மினுங்காத வகையின் அந்த வெள்ளையில் நகத்தால் கீறினால் உடனே பழுப்பாகும். வித்தித் தூள் (பங்கசு பரவும் பொடி) பழுப்பு நிறம். காளானின் மேலும், சுற்றியுள்ள இலை, பட்டை மேலும் அது படிந்திருப்பதைக் கண்டால் அந்தக் காளான் இன்னும் உயிரோடு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேம்பு, வாகை, கொன்றை, புளி, மா எல்லாவற்றிலும் வரும். இது வெள்ளை உக்கலை உண்டாக்கும்: மரம் வெளிறி, நார் நாராகி, ஈரப் பஞ்சாகும். அடிமரத்தையும் பெரிய வேர்களையும் தின்பதால், மேலே இலை செழித்திருக்கும்போதே மரம் வேரோடு சாயலாம். கார்த்திகை மழையில் நிலம் ஊறிக் கிடக்கும் நேரம் அதற்கு வசதி. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வடக்கைக் கடந்தது போன்ற இரவுகளில் முதலில் விழுவது இப்படிப்பட்ட மரங்கள்தான்.

கனோடெர்மா தென்னைக்கும் வரும். தஞ்சாவூரில் 1952இல் ஒரு புயலுக்குப் பின் பரவலாகக் கண்டதால் இந்தியாவில் அதைத் தஞ்சாவூர் வாடல் என்பார்கள். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்து காயும், வெளி ஓலைகள் தொங்கும். காளான் கடைசியில்தான் வரும்.

மண்ணிற வேரழுகல், அதாவது ஃபெலினஸ் நொக்சியஸ், வேறு கதை. ஈரவலயத்து இறப்பர், தேயிலைக் காணிகளில் இது பழைய எதிரி. 1905இலிருந்து பேராதனையில் அரச பூஞ்சையியலாளராக இருந்த டொம் பெட்ச் இப்படிப்பட்ட வேர் நோய்களில் நிறைய வேலை செய்தவர். இதில் காளானைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வேரிலும் அடித்தண்டிலும் மண்ணும் சிறு கல்லும் ஒட்டிய பழுப்பு உறை ஒன்று ஏறியிருக்கும். கழுவினாலும் மண் போகாது. உள்ளே வெளிறிய மரத்தில் பழுப்புக் கோடுகள் வலையாக ஓடும். வேரிலிருந்து வேருக்குத் தொற்றுவதால், வரிசையாக நட்ட மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் இதைச் சந்தேகியுங்கள்.

கிரெட்ஸ்மாரியா என்ற பங்கசை எங்கள் பக்கம் அடிக்கடி காண்பதில்லை. ஆனால் கண்டால் ஏறக்கூடாது. வேர்ப்புடைப்பிலும் அடியிலும் கரிப்படையாக, தொட்டால் நொறுங்குகிற கறுப்புப் பொருக்காகத் தெரியும். இளசாக இருக்கையில் சாம்பல் நிறம், விளிம்பு வெள்ளை. எரித்த தடம் என்று நினைத்துக் கடந்துபோவது சுலபம். குப்பை எரிக்கும் ஊரில் இன்னும் சுலபம். இது தின்ற மரம் வளைந்து எச்சரிக்காது, மட்பாண்டம்போல் ஒரேயடியாக முறியும். மரத்தின் சுவரையும் கடந்துபோகும். சந்தேகமானால் ஒரு பொருக்கைப் பெயர்த்துப் பாருங்கள்: தீயின் கரி பட்டையோடு உதிரும், கீழே உலர்ந்த மரம் இருக்கும். பங்கசின் பொருக்குக்கு மேலே நுண்ணிய குமிழ்கள் உண்டு.

செத்த கொப்பில் கறுப்பு உருண்டைகளாக வரும் டல்டீனியாவை இதோடு குழப்பவேண்டாம். அதைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வட்டம் வட்டமாக வளையங்கள் தெரியும். அது செத்த மரத்தைத் தின்பது.

இனி நடுமரம். தடித்த, குளம்பு வடிவ, மேலே வெடித்த பழுப்புக் காளான்கள் பழைய கொப்பு முறிந்த துளையோரம் நிற்கும். இவை ஃபெலினஸ் இனத்தைச் சேர்ந்தவை. உட்சதை துருப்பிடித்த பழுப்பு. நூற்றுக்கு 3 முதல் 5 வரையான பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை ஒரு துளி விட்டால் கறுப்பாகும். இவை வைரத்தை (நடுவிலிருக்கும் இறுகிய மரத்தை) மெதுவாகத் தின்பவை. ஒரு காளான் நிற்கும் இடத்துக்கு மேலும் கீழும் பல அடி நீளத்துக்கு உள்ளே உக்கல் ஓடியிருக்கலாம். இந்தக் காளான் நிற்கும் கவரில் (கொப்பு பிரியும் இடத்தில்) கயிறு போட்டு ஏறாதீர்கள்.

செத்த கொப்பிலும் வெயில் சுட்ட பட்டையிலும் வருவனவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊர் பயப்படுவது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். சின்ன விசிறியாக, வெண்சாம்பல் மயிரோடு, கீழே பிளந்த மடிப்புகளோடு இருப்பது சிசோஃபிலம். கோடையில் சுருண்டு கிடந்து மழை பட்டதும் விரியும். மாமரத்தை மொட்டையடித்தால் வெயில் சுட்ட கொப்புகளில் இது வரிசையாக வரும். வெளிறை (பட்டைக்கு உள்ளே இருக்கும் இள மரத்தை) தின்னும், ஆனால் மரத்தை விழுத்தாது. கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய தட்டாக இருப்பது பிக்னோபோரஸ். காய்ந்த, வெயில் படும் மரத்தில்தான் வரும். அது நிற்கும் கொப்பு செத்துவிட்டது என்பது மட்டும் அதன் செய்தி. காதுக்காளானும் அப்படித்தான். செத்த கொப்பை வெட்டுங்கள், மரத்தை விடுங்கள்.

மரத்தடியில் மண்ணிலிருந்து எழும் புற்றுக்காளான் மரத்துடையதே அல்ல. அது நிலத்துக்கடியில் கறையான் வளர்ப்பது. தோண்டினால் நீண்ட காம்பு கறையான் கூட்டுக்குப் போகும்.

தட்டுவதும் குத்துவதும்

காளானைப் பார்த்தபின் மரத்தைக் கேட்கவேண்டும். எனக்கு ஒரு கொட்டாப்புளி, ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, அலவாங்கு, அளவு நாடா, ரோச் லைட் போதும். கொட்டாப்புளியால் அடியிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே தட்டிப் போங்கள். நல்ல மரம் "டக்" என்று இறுக்கமாகச் சொல்லும். உள்ளே வெற்றாகிப்போன கோறை மரம் "டொம்" என்று திறக்கும். சத்தம் மாறும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். முழுச் சுற்றும் முடிந்தபின் அந்தக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் கோறையின் உருவம் வரும். பழைய புளியின் தடித்த பட்டை சத்தத்தை மறைக்கும், கழன்ற பட்டை பொய்ச் சத்தம் தரும். ஆகவே அதே மரத்தின் நல்ல பகுதியோடு ஒப்பிடாமல் முடிவெடுக்காதீர்கள்.

பொந்து திறந்திருந்தால் கம்பியை உள்ளே விட்டு ஆழம் அளவுங்கள். அதற்கு முன் ரோச் அடித்துப் பாருங்கள்: தேன்கூடு, குளவி, ஆந்தைக் குஞ்சு எல்லாம் அங்கேதான் இருக்கும். உக்கலை ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நார்நாராகப் பிரிந்தால் வெள்ளை உக்கல். சதுரம் சதுரமாக வெடித்து, பழுப்புத் தூளாக நொறுங்கினால் பழுப்பு உக்கல். பழுப்பு உக்கலில் மரத்தின் நாரான செலுலோசு போய்விடுவதால் மரம் வளையாமல் முறியும். ஒரே அளவு கோறை என்றாலும் பழுப்பு உக்கலுக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

வேருக்கு அலவாங்கு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, பெரிய வேரின் மேல் மண்ணைத் தோண்டி, வேரின் கீழ்ப்பக்கம் குத்திப் பாருங்கள். உக்கல் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில் தொடங்கும், மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. காற்று வரும் பக்கத்தில் மண் வெடித்திருக்கிறதா, நிலம் தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் வேறு சோதனை தேவையில்லை, ஆட்களை விலக்குங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: மிதிவெடி அகற்றி ஒப்படைக்காத காணியில் அலவாங்கு போடாதீர்கள், மண்வெட்டியும் வைக்காதீர்கள். மண்டையோட்டுப் பலகை விழுந்து மறைந்திருக்கலாம். கிராம சேவையாளரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு இறங்குங்கள்.

மிச்சச் சுவரை அளக்க மெல்லிய துளை போடலாம். ஆனால் ஒவ்வொரு துளையும் மரம் எழுப்பிய சுவரை உடைத்து உக்கலை வெளியே கொண்டுவரக்கூடும். தட்டியும் குத்தியும் தெரியாதபோது மட்டும், ஒன்றிரண்டு இடத்தில் போடுங்கள். ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் மரங்களின் பலத்தை ஆராய்ந்த கிளவுஸ் மத்தெக் பரவலாக்கிய ஒரு கணக்கு உண்டு: நல்ல சுவரின் தடிப்பு தண்டின் ஆரையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாவது இருக்கவேண்டும். 60 சென்ரிமீற்றர் விட்டம் என்றால் ஆரை 30, சுவர் 10 வேண்டும். மேலே சொன்ன வாகைக்கு ஆரை 25, சுவர் 10, ஆகவே அது நிற்கலாம். இது மூடிய கோறைக்கான கணக்கு. ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் இன்னும் தடிப்பு வேண்டும். வேர் உக்கலுக்கு இந்தக் கணக்கு உதவவே உதவாது.

முடிவு எடுக்கும்போது

மரம் விழுந்தால் யார் மேல் விழும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இரணைமடுக் குளக்கட்டுக்கு அப்பால் காட்டோரம் நிற்கும் கோறை மருதை அப்படியே விட்டுவிடலாம். கிளிக்கும் ஆந்தைக்கும் வீடு. அதே மருது முன்பள்ளிக் கூரைக்கு மேல் சாய்ந்து நின்றால் பேச்சு வேறு. தறிப்பதற்கும் சும்மா விடுவதற்கும் இடையில் வழிகள் உண்டு: செத்த கொப்புகளை இறக்கலாம், உச்சிப் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், மரத்தடி வாங்கிலை வேறிடத்துக்கு மாற்றலாம், வேலி போட்டு ஆட்களை விலக்கலாம். வாங்கிலை மாற்றச் செலவே இல்லை, ஆனால் பலர் அதை யோசிப்பதில்லை. மொட்டையடிப்பது மட்டும் வேண்டாம். அது புதுக் காயங்களைத் திறந்து புதிய பங்கசுக்கு வழிவிடும். வெட்டுவாயில் தார், பெயின்ற் பூசுவதும் உக்கலைத் தடுக்காது.

அடியில் கனோடெர்மா, கூடவே உச்சி காய்தல், வேரின் கீழ்ப்பக்கம் பஞ்சு, கீழே ஆட்கள்: இவை சேர்ந்தால் நான் தறிக்கச் சொல்வேன், எவ்வளவு பழைய மரமானாலும். அந்த மரத்தில் ஏறுவதைவிடத் தூக்கி இயந்திரம் பிடிப்பது நல்லது. பலா, ஈரப்பலா, பெண் பனை என்றால் வெட்ட முன்னர் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும். வேறு பல மரங்களை ஏற்றி இறக்கவும் அனுமதிப்பத்திரம் கேட்பார்கள், கிராம சேவையாளரிடம் முதலே பேசிவிடுங்கள்.

தறிக்காமல் விட்ட மரத்துக்கு ஒரு பதிவு வையுங்கள். காளானை அளவு நாடாவோடு சேர்த்து ஒரு படம், முழு மரமும் தெரிய ஒரு படம், திகதி, தட்டிப் பார்த்த கோடுகள். அடுத்த மாரியில் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுங்கள்.

தறித்த மரத்தின் அடிக்கட்டையை அப்படியே விடாதீர்கள். கனோடெர்மாவும் மண்ணிற வேரழுகலும் கட்டையிலும் வேரிலும் வருடக்கணக்கில் உயிரோடிருந்து பக்கத்து மரத்துக்குப் போகும். முடிந்தவரை பெரிய வேர்களைக் கிளப்பி எடுத்து, மற்ற மரங்களுக்குத் தள்ளி ஒரு வெளியில் காயவைத்து எரித்துவிடுங்கள். கோடாலியையும் வாளையும் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். புதிய கன்றைப் பழைய குழியில் வைக்கவேண்டாம், நாலைந்து பாகம், அதாவது இருபத்தைந்து முப்பது அடி, தள்ளி வேறு இன மரமாக நடுங்கள்.